ஒப்புநோக்காளனின் பிழை

கல்யாணத்துக்கு நான்கு மாதங்கள் இருக்கையில், யாழ்ப்பாணக் கடையொன்றில் வாங்கிய சிறு குப்பியைப் பெறாமகள் என்னிடம் நீட்டினாள். "பெரியப்பா, இதைப் பூசினால் வெள்ளையாய் வருவேனோ?" குப்பியில் 'நியாசினமைட் 5 வீதம்' என்றிருந்தது.

அது விற்றமின் பி3 இன் ஒரு வடிவம். உணவில் அச்சத்துக் குறைந்தால் பெலாகரா என்னும் நோய் வரும். வெயில் படும் தோல் கறுத்து உரியும். 1937இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எல்விஜெம் குழுவினர் ஈரலிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், அந்நோயை ஒத்த நாய்களின் கருநாக்கு நோயைக் குணமாக்கியது.

தோலில் பூசும்போது, நிறமி மேற்றோல் கலங்களுக்குக் கடத்தப்படுவதை அது குறைக்கிறது. பரு ஆறிய கறுப்பு அடையாளங்கள் சில வாரங்களில் மெல்ல மங்கும். எண்ணெய்ப் பசையும் தணியும். வெயிலிலிருந்து காத்துக்கொள்ளாவிடில் பயன் குறைவு. பிறவி நிறத்தை அது மாற்றாது.

மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் விபரமற்ற களிம்புகளே அஞ்சத்தக்கவை. பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் கலந்தவை தோலை மெலியச் செய்யும்.

இவ்வளவும் அவளுக்குச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், 'மணமகள் தேவை' விளம்பரங்களை ஒப்புநோக்கியவன் நான். 'சிவந்த நிறமுடைய' என்ற சொற்கள் வந்தபோதெல்லாம் எழுத்துப்பிழை உண்டா என்று மட்டுமே பார்த்தேன்.