ஆப்பரேஷனுக்கு முன் அஞ்சாங்கல்

நம் தோட்டத்துப் பிள்ளைகளை அடக்கப் பெரியவர்கள் கையில் ஒரு பழைய ஆயுதம் உண்டு. "சும்மா இருக்கியா, மிஸ்ஸியைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லவா?" இதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு ஒருநாள் அறுவைச் சிகிச்சை என்றால் அதன் மனம் என்ன பாடுபடும்!

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் 2-ஆம் ஆண்டு படித்த ஒரு பையனுக்குக் குடலிறக்கம். கிள்ளான் மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். "அவன்கிட்ட ஒன்னும் சொல்லிடாதீங்க டீச்சர், பிரிக்பீல்ட்ஸுக்குச் சட்டை வாங்கப் போறோம்னு சொல்லி வச்சிருக்கோம்" என்றார் தாயார். மூன்று நாளாக அந்த அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "இப்படிக் கூட்டிப் போனால் அடுத்த தடவை உங்களை நம்புவானா?" என்று கேட்டேன். தகப்பனார் பதில் பேசவில்லை.

எனக்கு மருத்துவம் தெரியாது. பிள்ளைகளின் விளையாட்டுத் தெரியும். வகுப்பில் ஆஸ்பத்திரி விளையாட்டுத் தொடங்கினோம். துணிப் பொம்மைக்கு வயிற்றில் கட்டு, மூக்கை மூட ஒரு காகிதக் கோப்பை. "இதில் மூச்சை இழுத்தால் பொம்மை தூங்கிவிடும், டாக்டர் வேலை முடிந்ததும் எழுப்புவார்கள்." பையன்தான் டாக்டர். முதல் நாள் பொம்மையைக் கண்டபடி குத்தினான். மூன்றாம் நாள், "வலிக்குமான்னு கேக்குது டீச்சர்" என்றான். கேட்டது பொம்மையா! எழுந்த பிறகு கொஞ்சம் வலிக்கும், மருந்து கொடுப்பார்கள் என்றேன். வலிக்கவே வலிக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் புதிதல்ல. இதே போன்ற குடலிறக்கத்துக்காக இங்கிலாந்தில் 8 நாள் மருத்துவமனையில் இருந்த 2 வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படம் பிடித்து 1952-இல் காட்டினார். தாயைப் பிரிந்து அந்தக் குழந்தை வாடியதைப் பலரும் கண்டனர். 1959-இல் அங்கே பிளாட் குழு, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்கட்டும், பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் 2011-இல் மருத்துவமனைப் பள்ளித் திட்டம் தொடங்கியது; அங்கே பாடத்தையே விளையாட்டாக நடத்துகிறார்கள்.

தாயாருக்கும் ஒரு வேலை வேண்டுமே. பெற்றோர் பதறினால் பிள்ளையும் பதறும் என்பதை மருத்துவர்களே சொல்கிறார்கள். பழைய சேலைத் துண்டில் பச்சைப்பயறு போட்டு ஐந்து சிறு பைகள் தைக்கச் சொன்னேன். நம் அஞ்சாங்கல்தான், மலாய்க்காரர்கள் "பத்து செரம்பான்" என்பார்கள். தைக்க உட்கார்ந்த அன்றுதான் அந்த அம்மா ஒருவாய் சாப்பிட்டாராம்.

வார்டில் நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பையன். அவன் தாயார் பைகளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டாராம். ஆப்பரேஷனுக்கு முன் வெறும் வயிறாய் இருக்க வேண்டிய காலைப் பொழுதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை. (எந்நேரம் முதல் சோறு, பால், தண்ணீர் நிறுத்த வேண்டும், கதவுவரை யார் கூடப் போகலாம் என்பதை முன்கூட்டியே மிஸ்ஸியிடம் கேட்டு வையுங்கள், தாய்மார்களே.) அந்தப் பொழுது இருவருக்கும் ஆட்டத்திலேயே போயிற்று.

கதவருகே பையன் அழாமல் இல்லை. "தூங்கிட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு அழுதானாம். ஒரு பை அவன் கையில். மிச்சம் நாலும் தகப்பனாரிடம். அந்த மனிதர் நடையில் உட்கார்ந்து அவற்றைத் தூக்கிப் போட்டுப் போட்டுப் பார்த்தாராம். ஒன்றைக்கூடப் பிடிக்கத் தெரியவில்லையாம்.