தலையணைக்குள் ஒரு என்ஜின்

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் ஆயில் என்ஜின் ஓடுகிறது. வலது பக்கம் திரும்பினால் அது கொஞ்சம் தள்ளிப் போய் அடுத்த கழனியில் ஓடுகிறது. மல்லாந்தால் தொண்டைக்குழியிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. டுக்கு டுக்கு டுக்கு. அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் பெண்டாட்டி பிள்ளைகள், பாக்கி இருக்கும் சீட்டுப் பணம் எல்லாம் வந்து போகிறது. பிறகு நெஞ்சுக்கூட்டை உள்ளிருந்து எட்டி உதைக்கிற மாதிரி ஒரு பெரிய தடக். மறுபடி டுக்கு டுக்கு.

"இன்னாங்க, தூங்கலையா?" என்றாள் வீட்டுக்காரி.

"மிஸ் அடிக்குது."

"மோட்டாரே போடலையே. கரண்ட்டு போயி ஒரு மணி நேரம் ஆவுது."

நிறுத்தி மூன்றாம் நாள் ராத்திரி அது. குடியை விட்ட கதையைச் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள், மைக்கும் வைத்திருக்கிறார்கள். எனக்கு விளங்காமல் இருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். இருபது வருஷம் குடித்தபோது ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு, நல்ல பிள்ளையாகி மூன்று நாள் ஆனதும் எதற்காக இப்படித் தறிகெட்டு ஓட வேண்டும்? கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 118. நடுங்குகிற கையால் நடுங்குகிற நாடியைப் பிடித்து எண்ணியது. இரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

சித்தப்பாவின் கிணற்றடியில் ஒரு ஆயில் என்ஜின் இருந்தது. 5 குதிரை சக்தி. ஓமந்தூர்ப் பக்கத்து எங்கள் கழனிக்குக் கரண்ட் வராத காலம். ஆண்டிலைச் செருகி, தலைமேல் இருக்கும் சின்ன லீவரைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றுவார். சக்கரம் வேகம் எடுத்ததும் லீவரை விடுவார். டுப் என்று ஒன்று, யோசித்து இன்னொன்று, அப்புறம் வரிசையாக. என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் ஒரு பீப்பாயில் விழும். மார்கழியில் எங்களுக்கு வெந்நீர் அதுதான். அதில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் உடம்பெல்லாம் டீசல் வாசம். வாத்தியார் தலை நிமிராமலேயே எங்கள் பேரைச் சொல்லி வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார்.

என்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே நீளமாக ஒரு பெல்ட். ஒருநாள் அது நழுவியது. அதுவரை நாற்பது அடி ஆழத்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்த என்ஜினுக்குத் திடீரென்று இழுக்க ஒன்றுமில்லை. இந்த மாதிரி சமயத்துக்குத்தான் உள்ளே கவர்னர் என்று ஒன்று உண்டு. சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் அவை விரிந்து டீசலைக் குறைத்துவிடும். அன்றைக்குக் கவர்னர் சிக்கிக்கொண்டது. என்ஜின் அலறியது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. சிமெண்ட் திட்டையே பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிடும் போல இருந்தது. நாங்கள் வரப்பேறி ஓடினோம். சித்தப்பா ஓடவில்லை. வாய்க்காலில் ஊறிக்கிடந்த கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு போய், என்ஜின் காற்று இழுக்கும் வாயில் வைத்து நெஞ்சால் அழுத்திக்கொண்டு நின்றார். மூன்று இருமல். அடங்கியது.

பிறகு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. "பாரம் இருந்த வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சுடா. பாரம் போனதுந்தான் பைத்தியம் புடிச்சுகிச்சு" என்றார்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்துத் திண்டிவனத்து டாக்டர் எனக்குச் சொன்னதும் இதையேதான், கொஞ்சம் நீளமாக. சாராயம் மூளையை அடக்குகிற பக்கத்துக்குக் கை கொடுக்கும். முடுக்குகிற பக்கத்தின் தலையில் தட்டி வைக்கும். நாள் தவறாமல் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. முடுக்குவதைக் கூட்டி, அடக்குவதைக் குறைத்து, அந்தப் பாரத்தோடு சமமாக ஓடப் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் பாரத்தை எடுத்துவிட்டால் கூட்டி வைத்த முடுக்கம் அப்படியே நிற்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். கடைசி மடக்குக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போகும். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். சிலருக்கு அதற்கடுத்தாற்போல் புத்தி தடுமாறி, சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடத் தொடங்குவார்கள். அது உயிரையே எடுக்கக்கூடியது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார்.

இருபது வருஷமாக என்னிடம் எல்லாரும் கேட்டது யாரைக் கேட்டுக் குடித்தாய் என்றுதான். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கேட்ட முதல் மனிதர் அவர். தினம் குடித்தவன் வீட்டில் படுத்துக்கொண்டு தானாக நிறுத்தக் கூடாதாம். டாக்டர் கண்ணெதிரில்தான் நிறுத்த வேண்டுமாம். ஊசியில் தயமின் போட்டார். குளோர்டயசெபாக்ஸைடு மாத்திரை கொடுத்தார், நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரும்படி. அந்த மாத்திரையை எனக்கு விளங்கும் பாஷையில் எழுதினால், நனைந்த கோணிச் சாக்கு.

இ.சி.ஜி. தாளையும் காட்டினார். நடுவில் ஒரு அடி விட்டுப்போவதாக நான் நினைத்தது தப்பாம். உண்மையில் ஒரு அடி அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் அடுத்தது வரக் கொஞ்சம் தாமதம். அந்த நேரத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்பிக்கொள்வதால் அந்த அடி பெரிதாக விழுகிறது. எனக்கு இது பிடித்திருந்தது. நான் பத்திரம் எழுதுகிறவன். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம். அங்கே எதுவும் முன்கூட்டி நடந்து நான் பார்த்ததில்லை.

பத்திரம் எழுதுகிறவனுக்குத் தேதி முக்கியம். தூக்கம் வராத ராத்திரிகளில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் தேதிகளை உருட்டிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஆட்டோக்காரரிடம் ஓமந்தூர் என்று சொல்லிப் பாருங்கள், அண்ணா சாலையில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அந்த வளாகத்துக்குப் பேர் கொடுத்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1895-இல் பிறந்தவர். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பேர். ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, நடுவில் நின்று, மறுபடி மாவட்டம் மாவட்டமாக நகர்ந்து, இவர் காலத்தில் 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுக்க வந்தது. பதவியை விட்டதும் வள்ளலாரின் வடலூருக்குப் போய்ச் சுத்த சன்மார்க்க நிலையம் கண்டார். 1970 ஆகஸ்ட் 25-இல் காலமானார். 1971 ஆகஸ்ட் 30-இல் மதுவிலக்கை ஒத்திவைத்துக் கடையைத் திறந்தார்கள். ஒரு வருஷமும் ஐந்து நாளும். பத்திரத்தில் இப்படி இரண்டு தேதி பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பேன்.

அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எங்கள் பாட்டி அவரைச் சாமி மாதிரி சொல்லுவாள். கள்ளுக்கடை மூடிய பிறகுதான் தாத்தா கூலியை வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். நான் கேட்க நினைப்பது வேறு. தினம் குடித்த அத்தனை பேருக்கும் கடை மூடிய மூன்றாம் நாள் ராத்திரி ஒன்று வந்திருக்குமே. பாயில் கிடந்து, காதுக்கடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்களே. அப்போது மாத்திரை எது? குளோர்டயசெபாக்ஸைடு கடைக்கு வந்ததே 1960-இல்தான். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலம், எல்லைக்கு அந்தப் பக்கம் கடை திறந்தே இருந்தது. திண்டிவனத்திலிருந்து சைக்கிளில் போனவர்களைக் குடிவெறியர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பாதிப் பேர் வெறியில் போகவில்லை, நெஞ்சு படபடப்புக்கு வைத்தியம் பார்க்கப் போனார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. "உடம்பு கேக்குது" என்பார்கள் எங்கள் பக்கம். கேட்கிறதுதான். ஒரு கிளாஸ் ஊற்றினால் பெல்ட் மறுபடி மாட்டிக்கொள்ளும், சத்தம் அடங்கும். வலையே அதுதான்.

2020 மார்ச் 24-இல் கொரோனா ஊரடங்கு என்று டாஸ்மாக் கடைகளை மூடினார்களே, அது இன்னொரு 1948. மே 7 வரை. கேரளாவில் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அந்த வாரம் அதைச் சொல்லி நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அலமாரிக்குப் பின்னால் என்னிடம் சரக்கு இருந்தது.

2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்களே, அவர்களை எண்ணினார்கள், எண்ண வேண்டியதுதான். திடீரென்று நிறுத்தி வலிப்பில் போனவனை யாரும் அந்தக் கணக்கில் எழுதுவதில்லை. "பாவம், திருந்தினான், ஆயுசு இல்ல" என்று முடித்துவிடுவார்கள்.

குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். பத்துக் குறளிலும் குடிப்பவனைத்தான் போட்டுத் தாளிக்கிறார். விட்டவனுக்கு ஒரு வரி இல்லை. மருந்து 95-இல் வருகிறது. நடுவில் 94 என்ன என்று புரட்டினேன். சூது. வள்ளுவர் என்ன நினைத்து வரிசை போட்டாரோ தெரியாது. ஆனால் கள்ளை விட்டவன் மருந்துக்குப் போய்ச் சேரும் வரை நடப்பது சூதாட்டம்தான், அதற்கு நான் சாட்சிக் கையெழுத்தே போடுவேன்.

படபடப்பு ஒரு வாரத்தில் பாதியாகி, இரண்டு மாதம் வரை விட்டு விட்டு வந்தது. அதற்கு டாக்டர் கண்டுபிடித்த குற்றவாளி நான் எதிர்பாராதது: டீ. கை சும்மா இருக்கவில்லை என்று நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிளாஸ் குடித்துக்கொண்டிருந்தேன். சாராயத்துக்காவது ஒளிந்து போனேன், டீக்கு எல்லார் எதிரிலும் போனேன். மெக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்திருக்கும், வாழைப்பழமும் கீரையும் சாப்பிடு என்றார். ஃபிலிப் எட்டிங்கர் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1978-இல் இதே குடும்பத்து நோய் ஒன்றுக்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பேர் வைத்தார்களாம். வார இறுதியிலும் பண்டிகையிலும் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, தாளம் தப்பிய நெஞ்சோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்து வைத்த பேர். எங்கள் ஜில்லாவில் அவர் இருந்திருந்தால் ஆற்றுத் திருவிழா நெஞ்சு என்று வைத்திருப்பார். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை மணலில் சாமியும் வரும், சுருளிக்கிழங்கும் வரும், மற்றதும் வரும்.

சித்தப்பாவின் என்ஜின் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தக் கிணற்றில் இப்போது நீர்மூழ்கி மோட்டார். தண்ணீர் வருகிறதா என்று குழாய் வாயில் கையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நேற்று ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். தலையணைக்குள் சத்தமே இல்லை. சந்தேகமாகிவிட்டது. எழுந்து விளக்கைப் போட்டு, கடிகாரத்தைத் தேடி எடுத்து, நாடியைப் பிடித்து எண்ணினேன்.

"இன்னாங்க, மறுபடியுமா?"

"இல்ல. எழுபத்திரண்டு."

"அதுக்கா எழுப்புனீங்க?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.