குச்சியைக் கவ்விய ஆமை

மதுரைக்குப் பக்கம், திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் பொம்மையில் இடிக்காமல் நடப்பது சிரமம். திண்ணை, வாசல், மொட்டை மாடி என்று எங்கும் காயவைத்திருக்கிறார்கள். வேளார் குடும்பங்களின் பரம்பரைத் தொழில் இது. ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில். தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நான் போனது பஞ்சதந்திர செட்டைப் பார்க்க.

விஷ்ணு சர்மாவின் பெயரில் வழங்கும் அந்த நூலை மராத்தி வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் தாண்டவராய முதலியார், ஆண்டு 1826. நூலைத் தொடாத வீட்டிலும் அதன் குரங்கையும் முதலையையும் தெரியும். கதையைக் காதால் கேட்டவர்களுக்கு அதைக் கண்ணால் பார்க்கத் தருகிறவர்கள் இந்தத் தெருக்காரர்கள்.

அன்னங்கள் தூக்கிச் செல்லும் குச்சியைக் கவ்விப் பறக்கும் ஆமையைக் களிமண்ணில் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்மாய் மண்ணைக் கரைத்து, கல் நீக்கி, மணல் சேர்த்து மிதித்துப் பதமாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளிலும் அதை விரலால் அழுத்தி, விளிம்பில் மண்குழம்பு தடவி ஒட்டுகிறார்கள். அன்னத்தின் உடல் அச்சில் வந்துவிடும். குச்சி வராது, வந்தாலும் அச்சைப் பிரிக்கும்போது முறிந்துவிடும். அதனால் குச்சிக்குக் கம்பிதான். ஈர மண்ணிலேயே அதைச் செருகிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

“மண்ணு காயக் காயச் சுருங்கும் தம்பி. கம்பி சுருங்குமா? வெடிச்சிரும்” என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

ஈரத்தில் ஈர்க்குச்சியால் துளை மட்டும் போட்டு வைக்கிறார். நிழலில் காய்ந்து, சூளையில் வெந்து வந்த பிறகே கம்பி ஏறுகிறது. அன்னங்களின் வயிறு பின்னாலிருக்கும் மலையோடு ஒட்டியிருக்கும். பாரம் முழுவதும் அந்த மலையில்தான். முன்னால் நின்று பார்க்கிற குழந்தைக்கு அது தெரியாது. ஆமை ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கும்.

ஆமை வாயைத் திறந்து விழுவதுதான் கதை. ஆனால் இங்கே எந்த வீட்டிலும் விழுந்த ஆமையைப் பார்க்கவில்லை. குரங்கும் அப்படியே. முதலையின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு கை நெஞ்சில். ஈரலை மரத்தில் விட்டுவந்ததாக அது பொய் சொல்கிற நேரம், இன்னும் தப்பவில்லை. சிங்கம் கிணற்றை எட்டிப் பார்க்கிறது. கிணற்றுக்குள் நான் குனிந்து பார்த்தேன். அடியில் நீலத்தைப் பூசி, அதன்மேல் சின்னதாக இன்னொரு சிங்க முகம் எழுதியிருந்தார்கள். கொலுப்படிக்கு எதிரே நின்றால் அது தெரியாது. கிட்டே வந்து தலையை நீட்ட வேண்டும், சிங்கம் செய்ததைப் போலவே.

அந்த முகத்தை எழுதியவர் பெரியவரின் மருமகள். அச்சும் சூளையும் ஆண்கள் பக்கம் என்றால், அந்த வீட்டில் வண்ணம் முழுக்கப் பெண்கள் கையில். ஒரே அச்சில் வந்த குரங்குகளில் ஒன்று பயந்திருந்தது, ஒன்று சூதுடன் பார்த்தது. எதனால் என்று கேட்டதற்கு, “வாய எல்லாரும் பாப்பாங்க. விஷயம் புருவத்துலதாண்ணே இருக்கு” என்று ஒரு கோட்டை லேசாக மேலே இழுத்துக் காட்டினார். குரங்கின் முகம் மாறிவிட்டது.

கீரிப்பிள்ளைக் கதை அவர்களுக்குச் சங்கடமானது. வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு வரும் கீரி, அவசரப்பட்டு அதைக் கொல்லும் தாய்: அதுதான் கதையின் உயிர். ஆனால் கொலுவில் ரத்தம் வைக்க யாரும் சம்மதிப்பதில்லை. அதனால் தொட்டிலுக்குப் பக்கத்தில் கீரியும் பாம்பும் சண்டையிடும் கட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாங்குகிறவரின் விருப்பத்துக்காகச் செய்த சமரசம் என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில், 7ஆம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பியும் பொய்த்தவப் பூனையை இரண்டு காலில் நிற்கவைத்து, எலிகளைக் காலடியில் விட்டுவிட்டுத்தானே உளியைக் கீழே வைத்தான்? பாய்வதைச் செதுக்கவில்லை. மிச்சக் கதையைச் சொல்ல வீட்டில் ஒரு பாட்டியோ அத்தையோ இருப்பார் என்று இவர்களும் நம்புகிறார்கள். பொம்மைக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லாவிட்டால், காசு கொடுத்து வாங்கியதில் பாதி வீண் என்றே நினைக்கிறேன்.

தொழிலின் கஷ்டங்களைப் பெரியவர் அடுக்கிக்கொண்டே போனார். கண்மாயில் மண் எடுக்க அனுமதிக்கு அலைய வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் எதுவும் காயாது, சூளையும் மூட்ட முடியாது. காகிதக்கூழ் பொம்மைக்கு எடை குறைவு என்று வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். பிள்ளைகள் வேறு வேலை தேடுகிறார்கள். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

செட்டாகத்தான் விற்பீர்களா என்று கேட்டேன். பரணிலிருந்து இறக்கும்போது ஏதாவது ஒன்று உடைந்து, அது மட்டும் வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டாம். முதலை போன வருடம் உடைந்தது என்று குரங்கை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவந்த ஒரு பெண்ணுக்கு, அதே குரங்கு பொருந்துகிற மாதிரி முதுகின் பள்ளத்தை அளந்து ஒரு முதலையை அன்று அவர் தனியாகச் செய்துகொண்டிருந்தார்.