பக்கத்துத் தியேட்டரில் என்ன படம்?

தாம்பரத்தில் சினிமாவுக்குப் போக ஒரு காலத்தில் என்ன படம் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. எம்.ஆர்., வித்யா, நேஷனல் என்று மூன்று தியேட்டர். இதில் எது வீட்டுக்குப் பக்கம், தண்டவாளத்தைத் தாண்ட வேண்டுமா வேண்டாமா, கூட யார் வருகிறார்கள், அவ்வளவுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை படம் மாறும். சுவரில் பசை காயாத போஸ்டர் இருக்கும். ரஜினி படமென்றால் சந்தோஷம். முகம் தெரியாத யாரோ நடித்ததென்றாலும் போகத்தான் போகிறோம். குரோம்பேட்டை வெற்றி என்பது கொஞ்சம் யோசித்துப் போகிற இடம், எலெக்ட்ரிக் ட்ரெயினில் இரண்டாவது ஸ்டேஷன். அசோக் நகர் உதயம் என்றால் அது பயணம், தீபாவளி பொங்கலுக்கு மட்டும். பரங்கிமலை ஜோதியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சினிமா வியாபாரத்தின் கணக்கில் நாங்கள் சென்னையே கிடையாது. விநியோகஸ்தர்களுக்குச் சென்னை சிட்டி ஒரு ஏரியா, செங்கல்பட்டு இன்னொரு ஏரியா. தாம்பரமும் குரோம்பேட்டையும் செங்கல்பட்டில் சேர்த்தி. 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கமெல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. வசூல் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது இன்னும் செங்கல்பட்டுதான். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சிட்டிக்காரர்கள் விமர்சனம் எழுதட்டும், படத்தை ஓட்டுவது நாங்கள் என்று என் பெரியப்பா சொல்லுவார்.

பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மின்ரயில் ஷெட்டில் ஷிஃப்ட் முடிந்ததும் செகண்ட் ஷோவுக்குக் கிளம்பிவிடுவார், பல நாள் என்னையும் இழுத்துக்கொண்டு. படம் முடிந்து வீட்டுக்கு நடந்து வருவோம். கடைகள் அடைத்திருக்கும், டீக்கடை ஒன்று மட்டும் திறந்திருக்கும், நாய்கள் துரத்தலாமா வேண்டாமா என்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நடையில்தான் தீர்ப்பு வரும். பெரியப்பாவிடம் நட்சத்திரக் கணக்கு, மதிப்பெண்ணெல்லாம் கிடையாது. "ஒரு தடவ பாக்கலாம்டா." "இன்டர்வெல் வரைக்கும் தாங்குது." "ஃபைட்டுக்குக் குடுத்த காசுக்கு ஒரு கதை வாங்கியிருக்கலாம்." இதில் மிக உயர்ந்த பாராட்டு, ஒன்றுமே பேசாமல் வீடு வரைக்கும் வருவது. மறுநாள் காலையில் பெரியம்மாவிடம், "நீயும் ஒரு எட்டு போய்ட்டு வா" என்பார். நான் அவர் சொன்னதற்கு நேர்மாறாக ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன். படத்தைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று யோசிக்கப் பழகியது அந்த ரோட்டில்தான்.

இப்போது டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அபிப்பிராயம் கைக்கு வந்துவிடுகிறது. முதல் காட்சி காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால், இன்டர்வெல்லிலேயே ஃபோனில் தீர்ப்பு வந்துவிடும். மாலைக் காட்சிக்குப் போகிறவன், எந்த இடத்தில் அழ வேண்டும், எந்த இடத்தில் இழுவை என்று தெரிந்துகொண்டே உட்காருகிறான். தெரிந்து போவது வழக்கமாகிவிட்டதால்தான் மறுவெளியீட்டுக்கு இவ்வளவு கூட்டம் என்று எனக்குப் படுகிறது. 2004-ல் வந்த 'கில்லி'யை 2024 ஏப்ரலில் திரும்பப் போட்டபோது திருவிழா மாதிரி இருந்தது. வசனம் மொத்தமும் கூட்டத்துக்கு மனப்பாடம். நானும்தான் கத்தினேன், குறை சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில், பேர் கேள்விப்படாத ஒரு புதுப்படத்துக்குப் போனபோது மொத்த ஹாலிலும் எங்கள் குடும்பமும் ஒரு காதல் ஜோடியும்தான். எங்களைப் பார்த்து அவர்களுக்குத்தான் சங்கடம்.

'மெய்யழகன்' கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்கு வந்துவிட்ட அருள்மொழி, பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போகிறார். அங்கே ஒரு சொந்தக்காரன் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டு அன்பைக் கொட்டுகிறான். அவன் பெயர்தான் இவருக்கு ஞாபகம் வரவில்லை. அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். பிரேம்குமார் எடுத்திருப்பது அந்தப் பேச்சைத்தான். நீளம் என்று சத்தம் எழுந்தது. வெளியான சில நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். நான் வெட்டுவதற்கு முன்பு பார்த்தேன், என் மைத்துனர் வெட்டிய பிறகு பார்த்தார். தகராறு இன்னும் தீரவில்லை. என் கட்சி இதுதான்: விருந்துக்கு வந்த ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பவர்களுக்காக அந்தப் படத்தை எடுக்கவில்லை. வெட்டியிருக்கக் கூடாது.

வெட்டு எங்களுக்குப் புதிதல்ல. ரீல் காலத்தில் அதைத் தியேட்டரிலேயே செய்தார்கள். திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும். சில நொடி கழித்து மறுபடி ஒன்று. ஒரு புரொஜெக்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சொல்லி ஆபரேட்டருக்கு வரும் சிக்னல் அது. அந்த வட்டத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தது பெரியப்பாதான். அதற்கப்புறம் எந்தப் படத்திலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செகண்ட் ஷோவில் நேரமாகிவிட்டால் பாட்டு காணாமல் போகும். நாயகி மழையில் நனைய ஆரம்பிப்பாள், அடுத்த நொடி காய்ந்த புடவையோடு கோர்ட்டில் நிற்பாள். "டேய் ஆப்பரேட்டர்!" என்று பெஞ்சு டிக்கெட்டிலிருந்து குரல் கிளம்பும். எங்கள் பக்கம் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் மனசுக்குள் நன்றிகூடச் சொல்லியிருப்பார்கள். சென்னையிலேயே பிறந்த கியூப் மாதிரியான டிஜிட்டல் முறை வந்தபின் ஆபரேட்டர் கையில் கத்தரிக்கோல் இல்லை. வெட்டுவதென்றால் ஊர் முழுக்க ஒரே வெட்டு.

'அமரன்' பார்த்தது 2024 தீபாவளிக்கு. அது மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. அவர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்; பின்னால் மனைவியான இந்து ரெபேக்கா வர்கீஸைச் சந்தித்ததும் அங்கேதான். 2014 ஏப்ரலில் ஷோபியானில் உயிர் நீத்தார், அசோகச் சக்கரம் கொடுத்தார்கள். 1937-ல் இங்கே இடம் மாறி வந்த அந்தக் கல்லூரியின் மரங்களுக்கு அடியில் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குச் சொந்தக் கதை இருக்கிறது. கல்லூரிக் காட்சிகள் வந்ததும் ஹாலில் விசில். பின்வரிசையில் ஒரு அம்மா, "இது நம்ம காலேஜுடி" என்று பெண்ணிடம் சத்தமாகவே சொன்னார். ஊர் பேரைத் திரையில் கேட்டால் வருகிற அல்ப சந்தோஷம் எனக்கும் உண்டு. படமாகப் பார்த்தால், அது இந்துவாக நடித்த சாய் பல்லவியின் படம். அவர் இல்லாத இடங்களில் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. காஷ்மீர் மக்களுக்கு அதில் முகமே இல்லை என்பதும் உறுத்தியது.

'3 பிஹெச்கே' எங்கள் பகுதிக்காரர்களுக்கு டாக்குமென்டரி. சேர்க்கிற பணத்தைவிட வீட்டு விலை வேகமாக ஓடுகிற கதை. சேலையூரிலும் மேடவாக்கத்திலும் அது தெரியாத வீடு உண்டா? சரத்குமாரின் தளர்ந்த நடை நன்றாக இருந்தது. சோகம் மட்டும் ஒரு கரண்டி கூடுதல். 'லப்பர் பந்து' நேரெதிர். மாமனாரும் மாப்பிள்ளையும் கிரிக்கெட் மட்டையோடு மல்லுக்கு நிற்பதில் அலட்டலே இல்லை. 1989-ல் வந்த விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' பாட்டு ஒலித்தபோது நாற்பதைத் தாண்டியவர்களிடமிருந்துதான் விசில் வந்தது. அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. பெரியப்பா இருந்திருந்தால் அன்று பேசாமல் நடந்து வந்திருப்பார்.

படம் முடிந்தால் நடப்பதற்குத்தான் இப்போது இடமில்லை. மாலில் எழுத்து ஓட ஆரம்பிப்பதற்குள் விளக்குப் போட்டு, பின்வாசல் வழியாக நேரே பார்க்கிங்கில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே 2023-ல் ஐந்து திரை திறந்தார்கள்; அதுவும் கார் நிறுத்துகிற கட்டடத்தில். சீட் சொகுசு, சத்தம் துல்லியம், எந்தக் குறையும் சொல்ல முடியாது. டிக்கெட்டுக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, பாப்கார்னுக்கு வைக்கவில்லை, அது ஒன்றுதான். ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்கில் வண்டி ஓட்டிக்கொண்டு யாரும் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஓட்டுகிறவருக்கு லாரி மேல் கண், மற்றவர்களுக்கு ஃபோன் மேல் கண். 1983-ல் திறந்த உதயமும் போய்விட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடி.

எனக்கு அந்த ரீலும் வேண்டாம், கிழிந்த சீட்டும் வேண்டாம். மூட்டைப்பூச்சி கடித்த தழும்பை நினைத்து யாரும் ஏங்குவதில்லை. நான் கேட்பது தெரியாமல் போவதையும், வெளியே வந்து பேசுவதையும்தான். 2025 மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாமல் போனோம். மைத்துனர் டிக்கெட் எடுத்திருந்தார், நான் எதையும் படிக்கவில்லை. இலங்கையிலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத ஒரு தெருவில் குடியேறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். எந்தக் காட்சி எங்கே போகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததே பாதி சுகம். வெளியே வந்ததும் வண்டியை எடுக்காமல் டீக்கடையில் நின்று, முடிவு சினிமாத்தனமா இல்லையா என்று மைத்துனரோடு சண்டை போட்டேன். இல்லை என்பது என் கட்சி. என் மனைவி நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் வேற வேற படம் பாத்தீங்களா?" என்றாள்.

ஆகவே, படித்துக்கொண்டிருக்கும் தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களே, வருகிற வெள்ளிக்கிழமை விமர்சனத்தைத் திறக்காமல் பக்கத்துத் தியேட்டரில் என்ன ஓடுகிறதோ அதற்குப் போய்ப் பாருங்கள். மொக்கையாக இருந்தால் என்னைத் திட்டலாம், அதற்கும் பேச ஆள் கிடைக்கும். 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை பார்க்கலாம்.