புளி பட்ட வில்

எந்தப் பொருளைப் பார்த்தாலும் "இது இன்னது" என்று சட்டென்று சொல்லிவிடும் சாமர்த்தியம் எனக்கு உண்டு என்று வெகு காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்காரிக்கு அந்தக் கர்வம் கொஞ்சம் அதிகம். சென்ற வருஷம் கோடையில் எதிர் வீட்டு மாமியின் பரணில் அது இறங்கிப் போயிற்று.

ராஜா அண்ணாமலைபுரத்தில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்கு மாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் தெருவில் மாமி வீட்டின் முறை வந்தது. வீட்டை இடிக்குமுன் பரணைக் காலி செய்ய வேண்டுமே! ஒத்தாசைக்கு நான் போனேன். ஏழு ஊறுகாய் ஜாடிகள், கொலுப்படிப் பலகைகள், யாருடையதென்று யாருக்கும் நினைவில்லாத தொட்டில் சங்கிலி எல்லாம் இறங்கின. கடைசியில் கித்தான் துணியில் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குச் சற்று அதிக நீளம். அன்னத்தின் கழுத்தைப் போல் ஒரு பக்கம் வளைந்து, நுனியில் மறு பக்கம் திரும்பியிருந்தன. மேலெல்லாம் கறுப்பு ஏறியிருந்தது.

"ஏண்டி, இது என்ன இரும்பு? பல்லக்குக் கொம்பா?" என்றாள் மாமி.

"பழைய கட்டிலில் கொசுவலை கட்டுகிற கம்பி, மாமி" என்றேன், ஒரு விநாடி கூட யோசிக்காமல்.

வாசலில் நின்ற பழைய இரும்புக்காரர் கிலோ 30 ரூபாய் என்றார். அவர் கேட்டபடி கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான்தான் புத்திசாலித்தனமாக, "நன்றாகத் தேய்த்தால் புது வீட்டு ஜன்னல் திரைக்கு ஆகுமே! கொஞ்சம் புளி போட்டுப் பாருங்களேன்" என்று சொல்லி வைத்தேன்.

மாமிக்கு வயது எழுபத்தெட்டு. பாத்திரம் தேய்ப்பதில் மட்டும் இருபது. புளியும் செங்கல் தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஒரு துண்டு புதுக் கரண்டியாட்டம் வெளுத்துவிட்டது. கழுவிய தண்ணீரில் ஏதோ பொடி மினுமினுத்தது. அதையும் நான் பார்த்தேன். செங்கல் தூளில் அப்ரகம் கலந்திருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டேன்! தண்ணீர் முற்றத்துத் தூம்பு வழியே போயிற்று.

இரண்டாவது துண்டுக்கு மாமி புளியைக் கரைத்துக்கொண்டிருந்தபோது பேத்தி வந்து சேர்ந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். மாலையில் வில்வித்தை பழகுகிறாள். அவளுடைய வில்லை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் கைப்பிடி, மேலும் கீழும் மாட்டுகிற இரண்டு கைகள் என்று மூன்றாகக் கழன்று ஒரு பைக்குள் அடங்கிவிடும். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில், 52 வருஷ இடைவெளிக்குப் பிறகு, வில்வித்தைக்கு மீண்டும் இடம் கிடைத்தது. கழற்றி மாட்டுகிற வில் பந்தயக்காரர்களிடம் பரவியது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

"பாட்டி, தேய்க்காதே!" என்று அவள் போட்ட கூச்சலில் புளிக் கிண்ணம் கவிழ்ந்தது. இரண்டு துண்டுகளின் அடியையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் மரை, மற்றதில் அதற்கேற்ற துளை. நாலு சுற்றுச் சுற்றினாள். டக்கென்று நின்றது.

கூடத்தில் எங்கள் முன்னால் ஒரு முழு வில் இருந்தது. என் கொசுவலைக் கம்பி!

பெண்ணுக்குக் கை துறுதுறுத்தது. நைலான் கயிற்றை எடுத்து வந்து நாண் பூட்டப் போனாள். "வேண்டாண்டி, ஜனகர் சபையில் ஒடிந்தது ஒன்று போதும்" என்று மாமி பிடுங்கி வைத்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நூறு இருநூறு வருஷத்து எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வளைக்கும்போது முறிந்தால் துண்டு முகத்தில்தான் பாயும்.

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பழைய ஆயுதங்களைப் பற்றிப் படிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். மறு நாள் அவரை அழைத்து வந்தோம். காப்பியைக் கூடத் தொடாமல் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகலாயர் காலத்தில் இந்தியாவில் பெருமை பெற்றிருந்த வில் மரத்தால் மட்டும் ஆனது அல்ல. நடுவே மரம், உட்புறம் எருமைக் கொம்பு, வெளிப்புறம் விலங்கின் நரம்பு, எல்லாவற்றையும் சேர்த்து ஒட்ட மிருகப் பசை. அருமையான வில்தான். ஆனால் ஐப்பசி மழையில் நம் வீட்டு அப்பளம் என்ன பாடு படுகிறது? அதே பாடுதான் அந்தப் பசைக்கும். அதனால் அதே வளைவில் எஃகிலும் வில் செய்தார்கள். அம்பு அத்தனை வேகமாகப் போகாது. எஃகின் கனம் இழுக்கும். ஆனால் மழைக்கும் கறையானுக்கும் அஞ்ச வேண்டாம். ஆயுதசாலையில் நாண் பூட்டியபடியே மாட்டி வைக்கலாம். எடுத்துப் போக வசதியாக நடுவில் திருகு வைத்து இரண்டாகக் கழலும்படி பலவற்றைச் செய்தார்கள். சிலவற்றின் கைப்பிடிக்குள் ஒரு கூர்முனை கூட ஒளிந்திருக்குமாம். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்திலும் லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸிலும் இந்திய எஃகு வில்கள் இருக்கின்றன.

மாமியின் மாமனாருடைய தகப்பனார் ஹைதராபாத் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவராம். அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது மாமியின் அனுமானம். பெரியவர் அதற்குத் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பிறகு, தேய்க்காத துண்டின் கறுப்பை ஈரப் பஞ்சால் மெதுவாக ஒற்றினார். உள்ளேயிருந்து ஒரு கொடி எட்டிப் பார்த்தது. தங்கக் கொடி, தங்க இலை! எஃகின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகளைக் கீறி, அந்தச் சொரசொரப்பில் மெல்லிய தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள். கோஃப்த்காரி என்று பெயர். ஆழப் பதிப்பது அல்ல, மேலே பற்றிக்கொண்டிருப்பதுதான்.

"தேய்த்தால் போய்விடுமா?" என்று கேட்டாள் மாமி. அவள் பார்வை வெளுத்த துண்டின் மேல் இருந்தது.

"போய்விடும்" என்றார்.

முற்றத்தில் மினுமினுத்த அந்தத் தண்ணீர் என் கண்ணுக்குள் ஓடிற்று. தேய்த்த துண்டில் இப்போது கீறல் வலைதான் தெரிகிறது. "அந்தக் கீறல் தெரிவதால் இது அசல் என்று நிச்சயமாகிறது இல்லையா, ஸார்?" என்று கேட்டேன். என் குற்றத்துக்கு ஒரு பிரயோஜனம் தேடினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் விடவில்லை. "கோஃப்த்காரி இன்றைக்கும் உதயப்பூரில் நடக்கிறது, அம்மா. அதனால் கீறலை வைத்து வயதைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டுமானாலும் மற்றத் துண்டிலே தங்கம் உதிர்ந்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்தாலே போதும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் வயதைக் கணித்தது வேறு வழியில். திருகு மரை இயந்திரத்தில் வெட்டியது அல்ல. சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறுகிறது. நாண் உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. அலங்காரத்துக்குச் செய்து விற்கிற வில்லில் யார் நாண் பூட்டி இழுக்கப் போகிறார்கள்? தங்கக் கொடியின் ஓரத்தில் துரு ஆழத்தில் பிடித்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசி, தவறினால் 19-இன் ஆரம்பம் என்றார். "இது என் அபிப்பிராயம்தான், அத்தாட்சிப் பத்திரம் இல்லை" என்று இரண்டு தரம் சொன்னார்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. மூன்றாம் நாளே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். சிங்கப்பூரில் ஆள் இருக்கிறது, ரொக்கமாகவே தருகிறேன் என்றார். 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் கடந்த இத்தகைய கலைப்பொருள் தொல்பொருளாகிவிடுகிறது. தனி மனிதர் யாரும் அதை நாடு கடத்த முடியாது. தொல்பொருள் வியாபாரத்துக்கும் லைசென்ஸ் வேண்டும். "லைசென்ஸ் இருக்கா?" என்று பேத்தி கேட்டதும் அவர் செருப்பைத் தேடினார்.

வீடு கட்டி முடிகிற வரையில் மாமி வாடகை வீட்டில் இருக்கிறாள். வில்லை இரண்டாகக் கழற்றி, பெரியவர் சொன்னபடி தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, மாமாவின் பழைய வேஷ்டியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்திருக்கிறாள். பேத்தியின் பெயருக்கு எழுதி வைக்கிறதா, எழும்பூர் மியூசியத்துக்குக் கொடுக்கிறதா என்று வாரத்துக்கு ஒரு தீர்மானம் நடக்கிறது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மாமிக்கு இடம் பிடித்திருந்தது.

தங்கத்தைக் கரைத்ததற்காக மாமி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சென்ற வாரம் பீரோவைத் திறந்து காட்டினாள். வேஷ்டி மூட்டையின் மேல் ஒரு சீட்டு குத்தியிருந்தது. மாமியின் கொட்டை எழுத்து: "புளி படக் கூடாது." அதன் கீழே, பேத்தியின் கையெழுத்தில் என் பெயர் எழுதி, "இவரும் தொடக் கூடாது" என்றிருந்தது.