பட்டி போன பாதை

ஐப்பசி பிறக்க முன்னமே அம்மம்மா வானம் பார்க்கத் தொடங்கிவிடுவா. குடும்பிமலைப் பக்கம் கறுத்தால், "மனே, பட்டியக் கிளப்பச் சொல்லு" என்பா. உனக்கு மறந்திருக்காது. வேலிக்கதியாலில் தொற்றிக்கொண்டு நீயும் நானும் மாடு எண்ணுவோம். நாற்பதுக்கு மேல் கணக்குப் பிசகும். புழுதி, சாணம், முதல் மழை மூன்றும் கலந்த அந்த மணம் எங்கள் சித்தாண்டித் தெருவை விட்டுப் போக ரெண்டு நாளாகும்.

வயல் வட்டையில் விதைப்பு விழுந்தால் மாட்டுக்கு அங்கே இடமில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்கென்று மேற்கே நடக்கும். வெட்டு முடிந்த பிறகு திரும்பிவந்து ஒட்டில் மேயும். வயலுக்கு எரு தானாய் விழும். மழை போட்ட ஒழுங்கு அது.

மறுகா சூடு மிதிப்பு. நிலவில் மாடு வளைய வருகுது, வைக்கோல் தூசில் மூக்கு அரிக்குது, நான் வாய் தவறி "நெல்லு" என்கிறேன். அப்பப்பா முறைக்கிறார். களவெட்டிக்குள் அது பொலி. வேறு பேர் சொன்னால் விளைச்சல் கோபித்துக்கொள்ளுமாம்!

உழவு மிசின் வந்தபோது நாங்கள்தான் பின்னால் ஓடினோம், டீசல் புகையைக்கூட ஆசையாய் மணந்தோம். இப்போது வெட்டு மிசின் விடிய இறங்கி, பொழுதுபட முன் போய்விடுகிறது. வைக்கோலை ஏற்ற ஆளில்லை. ஒரு தீக்குச்சியோடு காரியம் முடிகிறது. மாடும் நிரபராதி இல்லையாம். அதன் ஏப்பத்திலும் தண்ணீர் கட்டிய வயலிலும் கிளம்பும் மீதேன் வானத்தைச் சூடாக்குகிறது என்கிறார்கள். இருக்கட்டும், அந்த ஏப்பத்துக்குத் தயிராவது கிடைத்தது.

2011 நினைவிருக்கா? தையில் ஒரு வெள்ளம், அது வடிய முன் மாசியில் இன்னொன்று. கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டுப் புளித்து நாறியது. அதே வருடம் மார்ச்சில்தான் மேற்குக் கரையில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு மூன்று அலகாகி 900 மெகாவாட். ஒன்றால்தான் மற்றது வந்தது என்று முடிச்சுப் போட மாட்டேன். உலகப் புகையில் இலங்கையின் பங்கு ஒரு சிட்டிகை. ஆனாலும் கப்பலில் வரும் அந்தக் கரியில்தான் என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. முன்பு கச்சான் காற்றடிக்கும் மத்தியானத்தில் அம்மம்மா முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, திண்ணையில் பாய் போடுவா. அந்தக் குளிர்ச்சிக்கு பில் வந்ததில்லை.

மேய்ச்சல் தரையின் கதை வேறு. 1970களின் கடைசியில் வேகம்பிடித்த மகாவலித் திட்டத்தின் வலயக் கோட்டுக்குள் மயிலத்தமடுவும் மாதவணையும் விழுந்தன. கோடு வரைந்த மேசைக்கு மாட்டின் கால் தடம் தெரிந்திருக்க நியாயமில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் தரையை உழுது சோளம் போட, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். நாளெண்ணிக்கை நூறுகளைத் தாண்டியது. அங்கே இருந்தவர்களில் சிலரின் பட்டிகளைத்தான் நாம் வேலியில் நின்று எண்ணினோம்.

வேலி இருந்த இடத்தில் இப்போது மதில். வாழையிலை கட்டிய தயிர்முட்டிக்குப் பதிலாகக் கடையில் பிளாஸ்டிக் கோப்பை. அப்பப்பாவின் தலைப்பசுவுக்குக் கட்டிய மணி மட்டும் அறைக்குள் ஆணியில் தொங்குது. ஃபேனை மூன்றில் வைத்தால் இடைக்கிடை கிணுங்கும்.