போர்டில் ஒரு பேர், அட்டையில் ஒரு பேர்

கண்டி டவுனில் கொட்டுகொடெல்ல வீதியால் ஒருதரம் மேலே பார்த்துக்கொண்டே நடந்து பாருங்க. ஒரே கடைக்கு மூன்று மொழியிலும் மூன்று பேர் இருக்கும். சிங்களத்தில் ஸ்டோர்ஸ், தமிழில் களஞ்சியம், ஆங்கிலத்தில் டிரேடர்ஸ். நமக்கு அது சிரிப்பு, போட்டோ எடுத்து ஸ்டோரியில போடுவோம். அந்தக் கடைக்காரர் ஒரு மெஷினை ஈடு வைத்துக் கடன் கேட்கப் போனால் சிரிப்பு நின்றுவிடும்.

என் மாமாவுக்குக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மிளகாய் அரைக்கிற மில் இருக்கிறது. போன வருசம் தீபாவளி யாவாரத்துக்கு முன்னாடி புது அரைவை மெஷின் ஒன்று எடுக்க நினைத்தார். காணி உறுதி கிடையாது, மெஷினையே பிணையாக வைக்கலாம் என்று ஒரு நிதி நிறுவனத்தில் சொன்னார்கள். பேப்பர் இரண்டு தரம் திரும்பி வந்தது. "நீ கம்பஸ் போற பிள்ளை தானே, என்ன எழுதியிருக்குனு வாசிச்சு சொல்லு" என்று என் கையில் தந்தார். காரணம் ஒரே வரி: பெயர் பொருந்தவில்லை.

எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பினோம். வியாபாரப் பதிவுச் சான்றிதழில் கடைப் பெயருக்குப் பின்னால் 'கிரைண்டிங் மில்ஸ்'. போர்டிலும் பில் புத்தகத்திலும் வெறும் 'மில்'. வங்கிக் கணக்கில் 'கிரைண்டிங்' உண்டு, 'ஸ்' இல்லை. உரிமையாளர் பெயர் அதைவிட மோசம். அடையாள அட்டையில் தாத்தா பேரோடு முழுப்பெயர், சான்றிதழில் ஒரு இனிஷியலும் கூப்பிடுகிற பேரும். போதாததுக்கு மெஷின் விற்கிறவரின் இன்வொய்ஸ் கடைப் பேருக்கே அடித்திருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு 'ஸ்'ஸுக்கா இவ்வளவு? பிறகு இந்தப் பதிவேடு எதற்கு என்று தேடி வாசித்தேன். வீடு, காணி என்றால் காணிப் பதிவகத்தில் போய்ப் பார்க்கலாம். மெஷினை இன்னொருவரிடம் ஏற்கெனவே ஈடு வைத்தாச்சா என்று எங்கே பார்ப்பது? அசையும் பொருளை ஈடு வைப்பது பற்றி இலங்கையில் 2009இல் 49ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவேடு கடன் தகவல் பணியகத்திடம் இருந்தது. அதுதான் நம்ம ஆட்கள் "கிரிப்ல பேர் விழுந்துட்டு" என்று பயப்படுகிற அதே கிரிப். இந்த மாதிரிப் பதிவேட்டில் கடன்காரரின் பேரையோ எண்ணையோ போட்டுத்தான் தேடுவார்கள். பேர் பிழையாகப் பதிந்தால் அடுத்து தேடுகிறவருக்கு அந்தக் கடன் கண்ணில் படாது. படாத ஈட்டுக்கு மதிப்பும் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது. கன்சாஸில் ஒரு விவசாயியை எல்லாரும் டெரி என்றுதான் கூப்பிடுவார்கள். விவசாய இயந்திரம் விற்ற ஜோன் டியர் நிறுவனமும் டெரி என்றே பதிந்தது. சட்டப்படி அவர் பேர் டெரன்ஸ். அவர் வங்குரோத்தானபோது, சட்டப் பெயரில் இல்லாத பதிவு செல்லாது என்று 2004இல் மேன்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் ஈட்டுரிமை போயிற்று. பேர் மட்டுமில்லை, எண்ணும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவில் 2017இல் ஒரு நிறுவனம், கம்பெனி எண் போட வேண்டிய இடத்தில் வரி வியாபார எண்ணைப் போட்டு, சுமார் 23 மில்லியன் டொலர் பெறுமதியான இயந்திரத் தொகுதியின் மீதிருந்த உரிமையை இழந்தது. ஆக, கடன் கொடுக்கிறவன் பேர் விஷயத்தில் விறைப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் டெரிக்கு ஒரு மொழி, ஒரு எழுத்து. எங்கள் ஆட்களுக்கு? தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பேரைத் தாத்தா தமிழில் சொல்ல, ஒருவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுத, பள்ளிக்கூடத்தில் இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றினார். 'லட்சுமி'க்கு ஒருவர் எக்ஸ் போடுவார், மற்றவர் கே எஸ் எச் போடுவார். மாமாவின் பழைய அடையாள அட்டை சிங்களத்தில் மட்டும்தான். எண்ணுக்கும் இரண்டு வடிவம்: பழையது ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016க்குப் பிறகு 12 இலக்கம். இந்த வித்தியாசங்களில் ஒன்றுகூட மாமா உண்டாக்கியது இல்லை. அலைந்தது மட்டும் அவர்.

சமாதான நீதவானிடம் போய் "இரண்டு பேரும் ஒரே ஆளையே குறிக்கும்" என்று சத்தியக் கடதாசி எடுத்தோம். அது கவுன்டரில் இருக்கிற ஐயாவுக்குப் போதும், தேடுகிற கம்ப்யூட்டருக்குப் போதாது. கடைசியில் பிரதேச செயலகத்தில் சான்றிதழையே அடையாள அட்டைப்படி திருத்தி, இன்வொய்ஸையும் மாற்றி எடுத்த பிறகுதான் வேலை நடந்தது. அதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது.

எங்களுக்கு விளங்காமல் இருந்தது ஒன்றுதான். தனி ஆள் நடத்துகிற கடை சட்டப்படி ஒரு 'ஆள்' இல்லை. கடன் வாங்குவது மாமா, மில் இல்லை. அதனால் கடன்காரர் பெயர் என்ற கட்டத்தில் அடையாள அட்டையில் இருக்கிற முழுப்பெயர் வர வேண்டும், எழுத்துக்கு எழுத்து. கடைப் பேர் அதற்குரிய கட்டத்தில், சான்றிதழில் உள்ளபடி. பிரைவேட் லிமிட்டெட் என்றால் கதை வேறு, அங்கே கம்பெனியே ஆள். கூட்டிணைப்புச் சான்றிதழில் உள்ள பேரும் பதிவு எண்ணும்தான் கணக்கு. போர்டில் என்ன இருக்கிறது என்று எந்தப் பதிவேடும் பார்ப்பதில்லை.

என் பேட்சில் ஒருத்தி இன்ஸ்டாகிராமில் சாரி விற்கிறாள். பேஜ் பேரில் ஸ்டைலுக்காக ஒரு 'ஈ' கூட. தையல் மெஷின் இரண்டு எடுக்க வேணும், பிஸ்னஸைப் பதியப் போறேன் என்றாள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். அவளுடைய அப்பாவின் பேர் இரண்டிலும் இரண்டு விதம். பதிவை நிறுத்தி வைத்துவிட்டு இப்போ அதைத் திருத்த அலைகிறாள்.